நாய் விற்ற காசு குரைக்காது. குட்டிக்குக் காது கேட்குமா?

ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எதைப் பார்ப்பீர்கள்? உடல் பால்போல் வெள்ளையாக இருக்கிறதா, ஒரு புள்ளிகூட இல்லையா என்று பார்ப்பீர்கள். மூக்கு ரோஜா நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். தாய்க்கும் தந்தைக்கும் வம்சாவளிச் சான்றிதழ் உண்டா, கண்காட்சியில் கோப்பை வாங்கியிருக்கின்றனவா என்று கேட்பீர்கள். விற்பவரும் இவற்றைத்தான் பெருமையோடு காட்டுவார். குட்டியின் இரண்டு காதும் கேட்கிறதா என்று நீங்களும் கேட்பதில்லை; அவரும் சொல்வதில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பேன். நீங்கள் தேடிப்போகும் அந்த வெள்ளையும் ரோஜா மூக்கும், காது கேளாமையும் ஒரே வேரிலிருந்து கிளைத்து வரக்கூடியவை. 'நாய் விற்ற காசு குரைக்குமா?' என்று நம் முன்னோர் கேட்டார்கள். கைக்கு வந்த பணத்தில் அது வந்த வழி தெரியாது என்பது அதன் பொருள். காசு குரைக்காது என்பது சரிதான். விற்கப்பட்ட குட்டியின் நிலை என்ன என்பதுதான் என் கவலை.

வீட்டோடு சிறு நாய்ப்பண்ணை நடத்துபவர்கள்மீது எனக்குப் பகை இல்லை. நான்கைந்து நாய்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பெயர் சொல்லி அழைத்து, பிரசவ இரவில் கண்விழித்து, குட்டிகளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் ஆர்வலர்கள் எந்த இனத்துக்கும் தேவை. ஆனால் ஒரு பண்ணைக்குக் கொள்கை என்று ஒன்று இருந்தால், அது நடுவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. ராஜபாளையத்தின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது.

வெள்ளைக்குக் கொடுத்த விலை

தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் ராஜபாளையம் என்ற ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது இந்த இனம். பாளையக்காரர் காலத்திலிருந்து வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போனது. 2005 ஜனவரி 9ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, இமாலய ஆட்டுக்காவல் நாய், ராம்பூர் வேட்டை நாய், முதோல் வேட்டை நாய் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இடம்பெற்றது. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பும் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் தனி நாய் இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது.

இத்தனை பெருமைக்கும் அடியில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. தூய வெள்ளை உடல், ரோஜா மூக்கு, பொன்னிறக் கண்கள் கொண்ட நாயே உயர்ந்தது என்பது வளர்த்தவர்கள் வகுத்த இலக்கணம். ஒரே ஈற்றில் புள்ளியோடும் வேறு நிறத்தோடும் பிறந்த குட்டிகளை முற்காலத்தில் கழித்துவிடுவார்கள். கழிப்பது என்றால் கொல்வது. தலைமுறை தலைமுறையாக நிறமுள்ளவை நீங்க, நிறமற்றவை மட்டும் இனத்தைப் பெருக்கின. இதற்கு நம் நான்காம் படிவ மாணவர்கள் மரபியல் பாடத்தில் படிக்கும் பெயர் செயற்கைத் தேர்வு. இயற்கை செய்ய வேண்டிய தேர்வை மனிதன் தன் விருப்பத்துக்குச் செய்வது.

இந்தத் தேர்வின் கூடவே இன்னொன்றும் வந்தது. ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை பிறப்பது வளர்ப்பவர்கள் நன்கு அறிந்த சங்கதி. நீலக்கண் குட்டி என்றால் காது கேட்காது என்று அங்கே சொல்லிவைத்திருக்கிறார்கள். இது வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலிலேயே, முழு வெள்ளையாகவும் நீலக்கண்ணோடும் இருக்கும் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று குறிப்பிட்டிருக்கிறார். நிறத்துக்கும் காதுக்கும் என்ன உறவு என்பது அவருக்குப் புதிர். இன்று நமக்கு அது ஓரளவு விளங்கிவிட்டது.

மூக்கைப் பாருங்கள்

தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது, அதன் முதுகுப் பகுதியில் நரம்பு முகடு என்ற இடத்திலிருந்து ஒருவகை உயிரணுக்கள் புறப்படுகின்றன. அவை உடலெங்கும் பயணம் செய்து, தோலிலும் மயிர்க்காலிலும் கண்ணின் கருவிழிப் படலத்திலும் போய்க் குடியேறி, மெலனின் என்ற நிறமியை உண்டாக்குகின்றன. கருமையும் பழுப்பும் இவற்றின் வேலை. இந்த நிறமி உயிரணுக்களில் ஒரு கூட்டம் உட்செவிக்கும் போகிறது.

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு பகுதி உண்டு. அதன் பக்கச் சுவரில் இரத்த நாளங்கள் நிறைந்த ஒரு மெல்லிய திசு இருக்கிறது. நிறமி உயிரணுக்கள் அங்கே நிறம் கொடுப்பதற்காகப் போகவில்லை. உட்செவித் திரவத்தில் பொட்டாசியத்தின் அளவை உயர்ந்த நிலையில் வைத்திருக்க உதவுவதே அவற்றின் பணி. ஒலியை மின் சமிக்ஞையாக மாற்றும் மயிரிழை உயிரணுக்களுக்கு அந்தப் பொட்டாசியம்தான் மின்கலம் மாதிரி. நிறமி உயிரணுக்கள் அங்கே போய்ச் சேரவில்லை என்றால் அந்தத் திசு சிதைந்துவிடும், மின்கலம் தீர்ந்துவிடும், மயிரிழை உயிரணுக்கள் மடிந்துவிடும். குட்டி பிறந்த முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள் இது நடந்து முடிந்துவிடுகிறது. பிறகு எந்த மருந்தாலும் அந்தக் காதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

'அப்படியானால் வெள்ளை நாய் எல்லாமே செவிடா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வெள்ளையில் இரண்டு வகை உண்டு. சமோயெட் நாயைப் பாருங்கள். பனிபோல் வெள்ளை, ஆனால் மூக்கும் உதடும் கருமை. அதன் உடலில் நிறமி உயிரணுக்கள் இருக்கின்றன. மயிருக்கு மிக வெளிறிய நிறமியைக் கொடுக்கின்றன, அவ்வளவுதான். இன்னொரு வகை வெள்ளை, நிறமி உயிரணுக்களே அந்த இடத்துக்கு வந்து சேராததால் ஏற்படுவது. அங்கே தோலும் மூக்கும்கூட ரோஜா நிறமாக இருக்கும். முதல் வகை, வண்ணம் வெளிறிப்போன சுவர் என்றால், இரண்டாவது வகை, வண்ணம் பூசுகிறவரே வராத சுவர்.

ரோஜா மூக்குள்ள நாய் எல்லாம் செவிடு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மூக்கு வேறு, காது வேறு. மூக்குக்கு வராத உயிரணுக்கள் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால், 'நிறமி உயிரணு வராத இடம் எதில் அதிகமோ அதுவே அழகு' என்று ஒவ்வொரு தலைமுறையிலும் நாம் தேர்ந்தெடுத்தால், காதுக்கும் அவை போகாமல் இருக்கும் வாய்ப்பைச் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம். மனிதரிலும் இதற்கு நிகரான ஒரு நிலை உண்டு. வார்டன்பர்க் நோய்க்கூறு உள்ள சிலருக்கு நெற்றிமுடியில் வெள்ளைக் கற்றை, வெளிர்நீலக் கண், காது கேளாமை மூன்றும் சேர்ந்து வருகின்றன. அதில் தொடர்புள்ள மரபணுக்களில் ஒன்றான எம்.ஐ.டி.எஃப்.தான் நாய்களின் வெள்ளைத் திட்டுகளோடும் தொடர்புடையது.

கைதட்டினால் தெரியாது

'எங்கள் குட்டிகள் கைதட்டினால் திரும்பிப் பார்க்கின்றன. காதில் குறையே இல்லை' என்று பண்ணைக்காரர் சொல்வார். பொய் சொல்லவில்லை. ஆனால் கைதட்டல் ஒரு சோதனையே அல்ல.

குட்டிகள் காது மூடியபடியே பிறக்கின்றன. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் செவித்துளை திறக்கிறது. காது கேளாத குட்டியும் உடன்பிறந்த குட்டிகள் ஓடுவதைப் பார்த்து ஓடும். தரையின் அதிர்வை உணர்ந்து எழும். கைவீச்சின் நிழலைக் கண்டு திரும்பும். கூட்டத்தில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். அதைவிடக் கடினமானது ஒரு காது மட்டும் கேளாத குட்டி. அது கைதட்டலுக்குத் திரும்பும். பெயர் சொன்னால் வரும். கண்காட்சி வட்டத்தில் மிடுக்காக நடந்து கோப்பையும் வெல்லும். வீட்டு நாயாக அதற்குப் பெரிய இடர் எதுவும் இல்லை. ஆனால் இனவிருத்திக்கு நின்றால், தன் மரபணுக்களை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போகும். யாருக்கும் தெரியாது.

இதை உறுதியாகக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. பி.ஏ.இ.ஆர். என்பது அதன் சுருக்கப் பெயர். ஒவ்வொரு காதிலும் தனித்தனியே 'டக் டக்' என்ற ஒலியைக் கொடுத்து, தலைத்தோலில் பொருத்திய நுண்மின்வாய்கள் மூலம் மூளைத்தண்டு அதற்குப் பதில் தருகிறதா என்று பதிவு செய்வார்கள். சில நிமிட வேலை. குட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆனபின் செய்யலாம். அதாவது விற்பதற்கு முன்பே செய்துவிடலாம். பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் காது சோதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பயன்படும் முறைகளில் ஒன்று இதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

இந்தச் சோதனை என்ன காட்டியது என்பதற்கு டால்மேஷியன் இனம் நல்ல சான்று. கறுப்புப் புள்ளிகள் கொண்ட அந்த நாயும் அடிப்படையில் வெள்ளை நாய்தான். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் 5,000க்கும் மேற்பட்ட டால்மேஷியன் நாய்களின் சோதனை முடிவுகளைத் தொகுத்தார். ஏறக்குறைய 8 விழுக்காட்டு நாய்களுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. 22 விழுக்காட்டுக்கு ஒரு காது கேட்கவில்லை. பத்துக்கு மூன்று! சோதனை இல்லாவிட்டால் இந்த 22 விழுக்காடும் 'நல்ல காது' கணக்கில்தான் போயிருக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. சில டால்மேஷியன் குட்டிகள் பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும். அவற்றில் காது கேளாமை குறைவு. நிறமி உயிரணுக்கள் அங்கே தாராளமாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். ஆனால் கண்காட்சி விதியின்படி அந்தத் திட்டு தகுதியிழப்புக்குரிய குறை. காதைக் காக்கும் அடையாளத்தையே குறை என்று எழுதிவைத்து, அந்தக் குட்டிகளை ஒதுக்கினார்கள். ராஜபாளையத்தில் புள்ளிக் குட்டியைக் கழித்ததும் இதுவும் ஒன்றுதான். கடல் கடந்த இரு நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள், ஒரே தவற்றை அழகு என்ற பெயரில் செய்திருக்கிறார்கள்.

வட்டத்துக்குள் தெரியாதவை

நாய்க் கண்காட்சியின் வரலாறு நீண்டதல்ல. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசலில் நடந்ததே முதல் முறையான கண்காட்சி என்பார்கள். 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. வம்சாவளிப் பதிவேடும் இன இலக்கணமும் அங்கிருந்து உலகெங்கும் பரவின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பும், நம் நாட்டின் மலேசியக் கென்னல் சங்கமும் அந்த மரபில் வந்தவையே.

கண்காட்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். சிதறிக் கிடக்கும் நாய்களை அது ஓரிடத்தில் கூட்டுகிறது. எந்த நாய் எதன் பிள்ளை என்ற பதிவு அதனால்தான் காக்கப்படுகிறது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் எந்த மரபியல் ஆய்வும் நடக்காது. பயந்து கடிக்கும் நாய் வட்டத்துக்குள் நிற்காது என்பதால் குணத்துக்கும் ஓரளவு சோதனை உண்டு. ஆனால் நடுவர் கண்ணால் பார்க்கிறார், கையால் தொட்டுப் பார்க்கிறார், நடையைப் பார்க்கிறார். ஒரு நாய்க்குச் சில நிமிடம்தான். அதற்குள் அவரால் உட்செவியைப் பார்க்க முடியாது.

2012இல் பிரிட்டனின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உடல்நலச் சிக்கல் அதிகமுள்ள 15 இனங்களில், 'இனத்தின் சிறந்த நாய்' என்று நடுவர் தேர்ந்தெடுத்த நாயைக் கால்நடை மருத்துவர் ஒருவர் சோதித்த பிறகே பட்டம் உறுதியாகும் என்று அந்த ஆண்டு புதிய விதி கொண்டுவந்தார்கள். புல்டாக், பெக்கினீஸ், பாசெட் ஹவுண்ட் உள்ளிட்ட ஆறு இனங்களின் வெற்றியாளர்கள் அந்தச் சோதனையில் தேறவில்லை. நடுவரும் மருத்துவரும் ஒரே நாயைத்தான் பார்த்தார்கள். ஒருவர் இலக்கணத்தைப் பார்த்தார். மற்றவர் நாயைப் பார்த்தார்.

தூய்மை என்ற பிடிவாதம்

'சரி, குறையுள்ள இனத்தில் வேறு இரத்தம் கலக்கலாமே' என்றால், 'இனத் தூய்மை போய்விடுமே' என்பார்கள். இதற்கும் டால்மேஷியனிடமே பதில் இருக்கிறது.

டால்மேஷியன் நாய்களுக்கு யூரிக் அமிலம் சிறுநீரில் மிகுதியாக வெளியேறும். அதனால் கல் உண்டாகிச் சிறுநீர்ப்பாதை அடைபடும். அந்தக் குறைக்குக் காரணமான மரபணு மாற்றம் இனம் முழுவதிலும் இரட்டையாகவே இருந்தது. குறையில்லாத டால்மேஷியன் ஒன்றுகூட இல்லாதபோது, இனத்துக்குள்ளேயே எவ்வளவுதான் கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் பயன் என்ன? எல்லாச் சீட்டும் ஒரே சீட்டாக இருக்கும் கட்டை எத்தனை முறை கலைத்தாலும் வேறு சீட்டு வராது. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு பாயிண்டர் நாயோடு ஒரே ஒருமுறை கலந்தார். அதன்பின் தலைமுறைதோறும் டால்மேஷியனோடு மட்டுமே சேர்த்தார். சில தலைமுறைகளில் பார்வைக்கு டால்மேஷியன், ஆனால் சிறுநீரில் கல் உண்டாக்காத நாய்கள் கிடைத்துவிட்டன. அமெரிக்கக் கென்னல் கிளப் 1981இல் அவற்றில் இரண்டைப் பதிவு செய்தது. இன ஆர்வலர்களின் எதிர்ப்பால் பதிவு நின்றது. மீண்டும் 2011இல்தான் கதவு திறந்தது. 30 ஆண்டுகள்! தீர்வு கையில் இருந்தபோதே, பதிவேட்டின் தூய்மைக்காக அத்தனை தலைமுறை நாய்கள் வலியைச் சுமந்தன.

தூய்மை என்பது உயிரியல் சொல்லே அல்ல. அது பதிவேட்டின் சொல். உயிரியல் பார்ப்பது பன்மையைத்தான்.

சிறு பண்ணையின் கணக்கு

ஜொகூரில் ஒருவர் தமிழ்நாட்டு இனம் ஒன்றைக் கடல் கடந்து கொண்டுவந்து வளர்க்கிறார் என்று கற்பனை செய்யுங்கள். ஓர் ஆண், இரண்டு பெண். நல்ல குட்டிகள் பிறக்கின்றன. அடுத்த தலைமுறைக்கு இணை எங்கே? உள்ளூரில் அந்த இனம் வேறு இல்லை. தந்தையோடு மகளைச் சேர்க்கத் தோன்றும். அல்லது அண்ணனோடு தங்கையை. வளர்ப்பாளர்கள் இதற்கு 'இரத்தத்தை இறுக்குவது' என்று அழகாகப் பெயர் வைத்தாலும் கணக்கு மாறாது.

தந்தையும் மகளும், அல்லது உடன்பிறந்த இருவர் சேர்ந்தால், பிறக்கும் குட்டியின் எந்த ஒரு மரபணு இணையை எடுத்துக்கொண்டாலும், இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு. நம் சமூகத்துக்குப் பழக்கமான உறவுகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறக்கும் பிள்ளைக்கு அது 12.5 விழுக்காடு, அத்தை மகன், மாமன் மகள் என்றால் 6.25. மருத்துவர்கள் எச்சரிக்கும் சொந்தத் திருமணத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு நெருக்கமான சேர்க்கையை, பண்ணையில் ஓர் ஈற்றிலேயே செய்துவிடுகிறோம். மறைந்திருக்கும் ஒடுங்கு மரபணுக்கள் சந்தித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. பிரிட்டனின் கென்னல் கிளப் 2009இலேயே, தாய் மகன், தந்தை மகள், உடன்பிறந்தவை ஆகியவற்றின் சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது.

பெரிய அமைப்பு நடத்தினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா? தமிழ்நாட்டு அரசின் கால்நடைத் துறையே சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென ஓர் இனப்பெருக்க நிலையம் நடத்திவந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைக் காப்பதே அதன் நோக்கம். நாய்கள் பராமரிக்கப்பட்ட நிலை குறித்து விலங்குநல ஆர்வலர்கள் வழக்குத் தொடுக்க, 2016இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அது மூடப்பட்டது. இனத்தைக் காப்பது என்ற நல்ல நோக்கம், அந்த இனத்தின் ஒவ்வொரு நாயையும் காக்கும் பொறுப்புக்கு ஈடாகாது என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது.

அதனால்தான் சிறு பண்ணைமீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு நாயையும் உரிமையாளர் அறிவார். எந்தக் குட்டி யார் வீட்டுக்குப் போனது என்று அவரால் சொல்ல முடியும். அந்த அறிவைப் பயன்படுத்தினால், கொள்கையோடு பண்ணை நடத்துவது கடினமல்ல. நீலக்கண் நாயையும் ஒரு காது கேளாத நாயையும் இனவிருத்திக்கு நிறுத்தக் கூடாது. அவை வீட்டு நாயாகச் சுகமாக வாழட்டும். புள்ளியோடு பிறந்த குட்டியைக் குறையாக நினைக்காமல், இனத்தின் காப்பீடாக நினைக்க வேண்டும். நெருங்கிய உறவில் சேர்ப்பதைவிட, வேறு பண்ணையோடு ஆண் நாயைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். கோப்பை வென்ற ஓர் ஆணிடமே எல்லாரும் வரிசையில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். விற்ற குட்டிகளுக்குப் பிற்காலத்தில் என்ன ஆனது என்று குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் அதிகம் வேண்டாம், மனம் வேண்டும்.

இப்படிச் செய்தால் பலன் உண்டா என்றால், உண்டு. பிரிட்டனில் 1990களிலிருந்து டால்மேஷியன் குட்டிகளை முறையாகச் சோதித்து, இரண்டு காதும் கேட்கும் நாய்களையே பெற்றோராகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். காது கேளாமையின் விகிதம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்திருக்கிறது. அடியோடு ஒழியவில்லை, ஏனென்றால் இது ஒற்றை மரபணுவின் வேலை அல்ல. நன்றாகக் கேட்கும் பெற்றோருக்கும் கேளாத குட்டி பிறக்கலாம். ஆனால் குறைக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

சில மறுப்புகள்

'இத்தனை சிக்கல் எதற்கு? தெருவில் கிடக்கும் நாயை எடுத்து வளர்க்கலாமே' என்று சொல்வோர் உண்டு. அது உயர்ந்த செயல்; வீடில்லா நாய் ஒன்றுக்கு வீடு கொடுப்பவரை வணங்குவேன். ஆனால் பல நூற்றாண்டுகளாக நம் மண்ணில் உருவான இனங்கள் அழிந்துபோகட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காப்பதானால் ஒழுங்காகக் காப்போம் என்பதே என் வாதம்.

'காது கேளாத குட்டியை என்ன செய்வது?' என்பது இன்னொரு கேள்வி. கைச்சைகையாலும் விளக்கொளியாலும் அதற்குப் பயிற்சி கொடுக்கலாம். கட்டுப்பாடான வீட்டில் அது நல்ல துணையாக வாழும். ஆனால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் அதற்குத் தெரியாது. தூங்கும்போது குழந்தை திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும். நம் தாமான் வீதிகளில் அவிழ்த்துவிடக்கூடிய நாய் அல்ல அது. இதையெல்லாம் சொல்லி, மனமறிந்து ஏற்பவரிடம் கொடுப்பது ஒன்று. சொல்லாமல் விற்பது வேறொன்று. வாங்கியவர், 'சொன்ன பேச்சைக் கேட்காத திமிர் பிடித்த நாய்' என்று அதை அடிப்பார். பிறகு எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். கேட்காதது பேச்சை அல்ல, ஒலியையே என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

'சட்டம் பார்த்துக்கொள்ளும்' என்பது மூன்றாவது பேச்சு. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. விலங்குகளை வணிகமாக இனவிருத்தி செய்ய உரிமம் வேண்டும். கொடுமை செய்தால் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். நல்ல சட்டம். ஆனால் உரிமத் தாள் எந்த நாயை எந்த நாயோடு சேர்ப்பது என்று உங்களுக்காக முடிவு செய்யாது. அந்த முடிவு பண்ணைக்காரர் மனத்தில் எடுக்கப்படுவது. அதை மாற்றக்கூடியவர்கள் இருவர்: கோப்பை கொடுப்பவரும் காசு கொடுப்பவரும்.

கோப்பை கொடுப்பவர்களிடம் என் கோரிக்கை இதுதான். வெள்ளையும் வெள்ளைத் திட்டும் மிகுந்த இனங்களுக்கு, காது சோதனைச் சான்றிதழ் இல்லாமல் சாம்பியன் பட்டம் வழங்க வேண்டாம். கண்காட்சி நடக்கும் நாளிலேயே ஒரு மூலையில் அந்தச் சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். ராஜபாளையத்தின் இலக்கணத்தில் கறுத்த மூக்கும் புள்ளியும் குறை அல்ல என்று எழுதிவையுங்கள். இலக்கணம் மனிதன் எழுதியது. மனிதனால் திருத்த முடியும்.

காசு கொடுப்பவர் நீங்கள். அடுத்த முறை ஒரு பண்ணைக்குப் போனால், கோப்பைகள் அடுக்கிய அலமாரியின் முன் அதிக நேரம் நிற்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் காதைச் சோதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். தந்தைக்கும் தாய்க்கும் என்ன உறவு என்று கேளுங்கள். இதே பெற்றோரின் முந்தைய ஈற்றில் எத்தனை குட்டிகள் பிறந்தன, அவை இப்போது எங்கே, எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். நல்ல பண்ணைக்காரர் கோபப்படமாட்டார். உட்கார வைத்து, குறிப்பேட்டை எடுத்துக் காட்டுவார். முகம் சுளிப்பவரிடம் வாங்காமல் திரும்பி வாருங்கள். இந்தக் கேள்விகளைப் பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால், பதில் வைத்திருக்கும் பண்ணைகள் தாமாக உருவாகும்.